பன்னிரண்டில் ஒன்று

சாப்பாட்டு மேசைக்கு விரிப்புப் போடுவது எல்லாருக்கும் தெரிந்த வேலை. துணியை உதறி விரித்தால் விளிம்பைத் தாண்டிய பகுதி தானாகத் தொங்கிவிடும். அதே வேலையை ஆறரை சென்டிமீட்டர் உயர மேசைக்குச் செய்துபாருங்கள். துணி தொங்காது. விளிம்பைத் தாண்டியதும் அட்டையைப்போலக் காற்றில் நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். பொம்மை வீட்டுக்குச் சாமான் செய்யப் பழகுகிறவர்கள் ஆரம்பத்தில் முட்டிக்கொள்ளும் இடங்களில் இது ஒன்று. எடுத்த துணி மெல்லியதாக இருக்கும், தையல் சுத்தமாக இருக்கும், மேசையும் அளவு பிசகாமல் இருக்கும். ஆனாலும் புகைப்படத்தில் பார்த்த கணமே அது பொம்மை மேசை என்று தெரிந்துவிடும்.

துணி வளைவது தன் எடையால். 25 சென்டிமீட்டர் தொங்கும் துணிக்கு வளைய வேண்டிய எடை இருக்கிறது. அதே துணி இரண்டு சென்டிமீட்டர் மட்டும் வெளியே நீண்டால் நூலின் விறைப்பு எடையை வென்றுவிடுகிறது. மேசையின் கதையும் அப்படித்தான். 30 கிலோ மேசையை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பன்னிரண்டில் ஒன்றாக்கினால் எடை 1,728இல் ஒரு பங்காகிவிடும். அதாவது 17 கிராமுக்குச் சற்று மேலே. ஊதினால் நகரும். அளவைச் சுருக்கியது நாம். மரமும் பருத்தியும் ஈர்ப்பும் நம்மோடு சேர்ந்து சுருங்க ஒப்புக்கொள்ளவில்லை.

பொம்மை வீட்டுக் கலையைப் பார்க்கிறவர்கள் வழக்கமாக அதைச் செய்தவரின் பொறுமையை வியக்கிறார்கள். வியக்க வேண்டியதுதான். என்னை ஈர்ப்பது வேறொன்று. பொருள் சுருங்க மறுப்பதால் இந்தக் கைவினைஞர் ஒவ்வொரு பொருளின் முன்னும் நின்று, இது எதனால் இதுவாகத் தெரிகிறது என்று கேட்டே தீர வேண்டியிருக்கிறது. திரைச்சீலை எதனால் திரைச்சீலையாகத் தெரிகிறது? பழைய கதவு எதனால் பழையதாகத் தெரிகிறது? முழு அளவில் தச்சு வேலை செய்கிறவருக்கு இந்தக் கேள்வி வராது. அவருக்காகப் பொருளே பதில் சொல்லிவிடுகிறது.

இன்று இக்கலையில் பரவலாகப் புழங்கும் அளவு 1:12. அடி, அங்குலக் கணக்கிலிருந்து பிறந்தது அது: நிஜத்தில் 1 அடி, பொம்மை வீட்டில் 1 அங்குலம். 6 அடி ஆள் அங்கே 6 அங்குலம். அதில் பாதி 1:24, மேலும் பாதி 1:48. 1:144 என்றும் ஓர் அளவு உண்டு. அது பொம்மை வீட்டுக் குழந்தையின் அறையில் வைக்கும் பொம்மை வீட்டுக்கானது.

கணக்கைத் திருப்பிப் போட்டால் கைவினைஞரின் சங்கடம் விளங்கும். நம் உலகிலிருந்து எதை உள்ளே கொண்டுபோனாலும் அது 12 மடங்கு பருத்துத் தெரியும். தையல் நூல் 0.2 மி.மீ. தடிமன் என்றால் உள்ளே அது 2.4 மி.மீ. சணல் கயிறு. அச்சுத்தாள் 0.1 மி.மீ. என்றால் உள்ளே 1.2 மி.மீ. அட்டை. அதில் புத்தகம் கட்டினால் பக்கம் புரளாது. தலைமுடிகூட அங்கே கம்பிதான். நாற்காலிக் காலுக்கு வார்னிஷை இரண்டு கை தாராளமாகப் பூசினால், கடைசலில் எடுத்த நெளிவுகளெல்லாம் தேன் ஊற்றியதுபோல் மூடிப்போகும். ஓக் மரத்தின் துளைகள் பெரியவை. ஓக் மேசை வேண்டுமென்று ஓக்கிலேயே செய்தால் கரையான் அரித்த பலகைபோல் இருக்கும். அதனால் ரேகை நெருக்கமான பேரி மரத்திலோ செர்ரியிலோ பாக்ஸ்வுட்டிலோ செய்து, சாயமேற்றி ஓக்காக மாற்றுகிறார்கள். விரிப்புக்கும் வழி உண்டு. பட்டையோ மிக மெல்லிய பருத்தியையோ எடுத்து, நீர்த்த பசையோ கஞ்சியோ தெளித்து, விழ வேண்டிய இடத்தில் கொசுவம் வைத்து, குண்டூசிகளால் குத்திக் காயவிடுவார்கள். துணி எப்படித் தொங்கும் என்பதைக் கைவினைஞர் துணியிலேயே செதுக்குகிறார் என்று சொல்லலாம்.

சுருங்க மறுக்கும் பொருளுக்கு மிகுந்த செலவில் தேடிய விடையொன்று ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. ரைக்ஸ் அருங்காட்சியகத்திலுள்ள பெட்ரோனெல்லா ஓர்ட்மனின் பொம்மை வீடு ஏறத்தாழ 1686க்கும் 1710க்கும் இடையில் உருவானது. அவர் கணவர் யோஹன்னஸ் பிராண்ட் பட்டு வணிகர். வெளியிலிருந்து பார்த்தால் ஆமை ஓடும் வெள்ளீயமும் இழைத்த பெரிய அலமாரி. கதவைத் திறந்தால் ஒன்பது அறைகள். குழந்தைகள் தொட்டு விளையாடுவதற்கென்று செய்ததில்லை அது. ஆண்கள் சங்கும் நாணயமும் உலர்ந்த பூச்சிகளும் சேர்த்து அலமாரியில் வைத்துப் பெருமைகொண்ட காலத்தில், வசதியான டச்சு வீட்டுப் பெண்கள் வீட்டையே சேகரித்தார்கள். பெட்ரோனெல்லா டியுனுவா என்பவரின் அலமாரியும் அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெட்ரோனெல்லா டி லா கோர்ட்டின் அலமாரி உட்ரெக்டில். மூவருக்கும் பெயர் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான்.

ஓர்ட்மன் தேர்ந்த வழி நேரடியானது. நிஜப் பொருளை எவர் எதில் செய்வாரோ, அதே பொருளில் அதே முறையில் செய்விப்பது. பீங்கான் வேண்டுமென்றால் கிழக்காசியாவில் சொல்லிச் செய்து வரவழைப்பது. கூடையென்றால் பின்னியே ஆக வேண்டும், வெள்ளியென்றால் வெள்ளியாகவே இருக்க வேண்டும். பொருள்கள் ஒன்றுக்கொன்று அளவில் பொருந்தவும் வேண்டும். அக்காலப் பயணி ஒருவர் குறித்துவைத்தபடி இதற்கான செலவு 20,000 முதல் 30,000 கில்டர். கால்வாயோரத்தில் உண்மையான வீடு வாங்கும் தொகை அது. 2014இல் வெளிவந்த ஜெஸ்ஸி பர்ட்டனின் ‘தி மினியேச்சரிஸ்ட்’ நாவல் இந்த அலமாரியை உலகெங்கும் அறிமுகம் செய்தது. நாவலின் கதை கற்பனை.

வரவேற்பறையின் ஆடம்பரத்தைவிட என் கண் நிற்பது பரணில். துவைத்த துணி காயப்போடும் இடமும் எரிபொருள் அடுக்கும் இடமும் அங்கே இருக்கின்றன. துணிகளில் வீட்டாரின் முதலெழுத்துகளைத் தைத்து அடையாளமிட்டிருக்கிறார்கள். பீட்டர் டி ஹோக் 1663இல் வரைந்த ஓவியம் ஒன்றில் இரண்டு பெண்கள் அலமாரியருகே நின்று மடித்த துணியைக் கைமாற்றுகிறார்கள். ஓவியத்தில் நமக்குக் கிடைப்பது அடுக்கின் மேல்மடிப்பு மட்டும். ஓர்ட்மனின் வீட்டிலுள்ள துணியை எடுத்துப் பிரித்துப் பார்க்க முடியும். அதன் நெசவும் ஓரத்தையலும் எழுத்துத் தைத்த விதமும் தெரியும். தேய்ந்து கிழிந்து கந்தலாகி மறைந்துபோன லட்சக்கணக்கான வீட்டுத் துணிகளுக்கு இந்தக் கையளவுத் துணிகள்தான் சாட்சி. வரலாற்றாசிரியர்கள் பொம்மை வீடுகளைத் தேடிப் போவதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை. யாக்கோப் அப்பெல் 1710இல் அந்த அலமாரியையே ஓவியமாக வரைந்தார். அதில் அறைகளில் பொம்மை மனிதர்கள் நடமாடுகிறார்கள். இன்று அறைகள் இருக்கின்றன. அந்த மனிதர்கள் காணாமல் போய்விட்டார்கள்.

ஆம்ஸ்டர்டாமுக்கு முன்பே ஜெர்மனியில் தொடங்கிவிட்டது இது. எழுத்தில் பதிவான மிகப் பழைய பொம்மை வீடு, பவேரியக் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் 1557-58இல் செய்வித்தது. 1674இல் மியூனிக்கில் தீயில் போய்விட்டது. சாமான் பட்டியல் மட்டும் எஞ்சியது. நியூரம்பெர்கில் அன்னா கோஃபர்லின் என்ற பெண்மணி 1631இல் தன் பொம்மை வீட்டைக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஊராருக்குக் காட்டினார். பிள்ளைகள் இதைப் பார்த்துக் குடும்பம் நடத்தக் கற்றுக்கொள்ளலாம் என்று துண்டறிக்கையும் அச்சிட்டார். அந்த வீடும் இன்றில்லை, அறிக்கை இருக்கிறது. நம் வீடுகளில் பெண் குழந்தைக்குச் சொப்புச் சாமான் வாங்கித் தருகிறவர்கள் மனதில் இருப்பதும் ஏறத்தாழ இதே எண்ணம்தான். நியூரம்பெர்கில் வெள்ளீயத் தட்டை வெள்ளீயக்காரரும் செம்புப் பாத்திரத்தைக் கன்னாரும் மேசையைத் தச்சரும் செய்தார்கள். அவரவர் தொழிற்குழுவின் எல்லையை மற்றவர் தாண்டக் கூடாது. ஒரு பொம்மைச் சமையலறை நிறைய வேண்டுமென்றால் ஊரின் பாதித் தொழில்கள் கைகொடுக்க வேண்டியிருந்தது.

1:12 என்ற அளவுக்குப் பெரும் புகழ் தேடித்தந்தது விண்ட்ஸர் கோட்டையிலுள்ள அரசி மேரியின் பொம்மை வீடு. இளவரசி மேரி லூயிஸின் யோசனை. வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். புதுதில்லியைக் கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1921 முதல் 1924 வரை, அவர் இதையும் கட்டினார். ஏறத்தாழ 1,500 கலைஞர்களும் கைவினைஞர்களும் நிறுவனங்களும் பங்கெடுத்தார்கள். மின்விளக்கு எரியும், மின்தூக்கி ஏறி இறங்கும், குழாயில் நீர் வரும். மது பாட்டில்களுக்குள் உண்மையான மது. 1924இல் வெம்பிளியில் நடந்த பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சியில் இதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது.

பிரமிக்க வைக்கும் வேலை. ஆனாலும் அந்தக் குழாயிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. குழாயை எவ்வளவு சின்னதாகச் செய்தாலும் நீர்த்துளி அந்த விகிதத்தில் சின்னதாகாது. துளியின் அளவை முடிவு செய்வதில் நீரின் பரப்பு இழுவிசைக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்கு வீட்டின் அளவு தெரியாது. 4 மி.மீ. துளி, அந்த வீட்டில் குடியிருக்கிறவருக்குக் கிட்டத்தட்ட 5 செ.மீ. உருண்டை. இயங்குவதும் உண்மையாகத் தெரிவதும் வேறு வேறு என்பதை இந்த இடம் காட்டிவிடுகிறது. அந்த வீட்டின் பெரும்பகுதி, அன்றைய பிரிட்டிஷ் தொழில்கள் தம்மால் இதையும் இயக்க முடியும் என்று நிரூபித்த காட்சிப் பெட்டகம்.

அதன் நூலகத்தை மட்டும் தனியாக வைத்துப் பேச வேண்டும். எழுத்தாளர்களைக் கேட்டு வாங்கிய படைப்புகளைக் கையால் எழுதிச் சின்னஞ்சிறு நூல்களாகக் கட்டினார்கள். ஆர்தர் கோனன் டாயில் இதற்கென்றே சுமார் 500 சொற்களில் ஒரு ஷெர்லக் ஹோம்ஸ் கதை எழுதினார். எம். ஆர். ஜேம்ஸ் பேய் நடமாடும் பொம்மை வீட்டைப் பற்றி எழுதிக்கொடுத்தார். பழைய நாவலொன்றை எடுத்து எழுத்தைப் பொடியாக்கியிருந்தால் அது வெறும் வித்தையாக நின்றிருக்கும். டாயில் அந்த நூலின் அளவுக்கேற்பக் கதையையே புதிதாக யோசித்தார். திரைச்சீலைக்குக் கொசுவம் வைக்கிறவர் செய்வதும் அதுதான்.

இதே ஆண்டுகளை ஒட்டி அமெரிக்காவில் இரண்டு பெண்கள் வேறு வேறு திசையில் போனார்கள். நார்சிஸா தார்ன் 1932 முதல் 1940 வரை, பெருமந்தத்தில் வேலை குறைந்திருந்த காலத்தில், தேர்ந்த கைவினைஞர்களை அமர்த்தி ஐரோப்பிய, அமெரிக்க அறைகளை 1:12இல் செய்வித்தார். அவற்றில் 68 சிகாகோ கலை நிறுவனத்தில் இருக்கின்றன. யூஜின் கப்ஜாக் என்ற இளைஞர் தான் செய்த சாமான்களை மாதிரிக்கு அனுப்பி வேலை கேட்டார், சேர்ந்தார், பிற்காலத்தில் இத்துறையின் பெரிய பெயர்களில் ஒருவரானார். தார்ன் அறைகளில் மனிதர்களே கிடையாது. யாரோ சற்றுமுன் எழுந்து போன தடயம் மட்டும் இருக்கும். அறைக்கு அப்பால் இன்னொரு கூடமோ தோட்டமோ பாதி தெரியும். அங்கிருந்து வெளிச்சம் சாய்ந்து உள்ளே வரும். சுருங்கச் சம்மதிக்கும் அபூர்வமான பொருள் ஒளி. சன்னல் சின்னதானால் தரையில் விழும் ஒளிக்கட்டமும் அதே விகிதத்தில் சின்னதாகும். தார்ன் இதைப் பிடித்துக்கொண்டார். மர வேலையின் துல்லியத்தை எத்தனையோ பேர் எட்டியிருக்கிறார்கள். அந்த அறைகளை இன்றும் வாழவைப்பது பக்கவாட்டில் வரும் வெளிச்சம் என்பது என் கணிப்பு.

இன்னொருவர் பிரான்செஸ் கிளெஸ்னர் லீ. 1878இல் சிகாகோவின் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். சட்ட மருத்துவத்தில் ஆர்வம் கொண்டு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் அத்துறைக்கு நிதியளித்தவர். 1943இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலக் காவல்துறை அவருக்குக் கேப்டன் பதவி அளித்தது. மர்மச் சாவு நடந்த இடத்தை எப்படிப் பார்ப்பது என்று காவலர்களுக்குக் கற்பிக்க, 1940களில் அத்தகைய இடங்களை 1:12இல் அறைகளாகச் செய்தார். மரவேலையைத் தச்சரொருவர் பார்த்துக்கொண்டார். பொம்மைகளின் உடைகளையும் உடல்களையும் லீ கவனித்தார். காலுறைகளைக் குண்டூசி போன்ற ஊசிகளில் பின்னினார். கார்பன் மோனாக்சைடு நச்சால் இறந்தவரின் தோல் செர்ரிப் பழச் சிவப்பேறும்; பொம்மையின் தோலிலும் அந்தச் சிவப்பு இருந்தாக வேண்டும். சமையலறைக் காட்சி ஒன்றில் தரையில் ஒரு பெண் கிடக்கிறாள். உருளைக்கிழங்கு பாதி உரித்தபடி இருக்கிறது, அடுப்பில் சமையல் நடந்த தடயம், கதவிடுக்குகளில் செய்தித்தாள் திணித்திருக்கிறது. சாகத் துணிந்தவள் உருளைக்கிழங்கை ஏன் உரிக்க வேண்டும்? இந்தக் கேள்வி காவலருக்குத் தோன்ற வேண்டுமென்றால் உரித்த தோல் உருளைக்கிழங்குத் தோலாகத் தெரிந்தே ஆக வேண்டும்.

லீயின் அறைகளில் அளவு பிசகினால் அழகு கெடுவதோடு போகாது, சாட்சியம் கெடும். இருட்டுக் குளியலறை என்ற காட்சியில் தொட்டியில் கிடக்கும் பெண்ணின் முகத்தில் குழாய் நீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. லீ அங்கே நீர் விடவில்லை. ஒளி ஊடுருவும் திடப்பொருளால் தாரையை நிறுத்தியிருக்கிறார். விண்ட்ஸர் குழாயில் உண்மையான நீர் வந்தும் பொய்யாகத் தெரிகிறது. இங்கே நீரே இல்லாமல் நீர் கொட்டுகிறது. காவலர் நின்று பார்த்து, தலைக்கும் குழாய்க்கும் உள்ள தூரத்தை, கால்கள் விறைத்து நிற்கும் கோணத்தைக் குறித்துக்கொள்ள முடிகிறது. முழு அளவு அறையில் நுழைகிறவரின் கண் பிணத்திலேயே நிலைத்துவிடும். சின்ன அறை மொத்தமும் ஒரே பார்வைக்குள் அடங்குவதால், மேசையும் நாட்காட்டியும் பிணத்துக்குச் சமமான கவனத்தைப் பெறுகின்றன. சிறுமையின் இந்தப் பயனை லீயைப்போலக் கண்டுகொண்டவர் வேறெவரும் இல்லை என்பேன். 18 காட்சிகள் பால்டிமோரில், மேரிலாந்து மாநில மருத்துவப் பரிசோதகர் அலுவலகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. பயிற்சிக்கு இன்றும் உதவுகின்றன.

தார்ன், லீ இருவரிடமும் பணம் இருந்தது. ஆள் வைத்துக்கொள்ள முடிந்தது. 1970களுக்குப் பிறகு வளர்ந்த சமூகம் வேறு வகையானது. சமையலறை மேசையிலும் வீட்டின் பின்னறையிலும் உட்கார்ந்து தாமே செய்கிறவர்கள் இவர்கள். அமெரிக்காவில் 1972இல் மினியேச்சர் ஆர்வலர்களின் தேசியச் சங்கம் தொடங்கியது. 1979இல் மினியேச்சர் கைவினைஞர்களின் பன்னாட்டுக் குழு அமைந்தது. செய்தவரின் பொருள்களைச் சக கைவினைஞர்கள் ஆராய்ந்து, முதலில் ஆர்ட்டிஸன், பிறகு ஃபெலோ என்று தகுதி வழங்குகிறார்கள். மெய்ன் மாநிலத்தின் கேஸ்டீன் என்ற கடற்கரை ஊரில் ஆண்டுதோறும் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார்கள். வெள்ளி வேலை செய்கிறவர் அங்கே கூடை பின்னக் கற்பார். கூடை பின்னுகிறவர் நாற்காலிக்குக் கால் கடையக் கற்பார். நியூரம்பெர்கில் தொழிற்குழு வேலிபோட்டுக் காத்த நுணுக்கத்தை, அதே குழு என்ற பெயரில் இயங்கும் இவர்கள் அடுத்தவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பெரிய பணம் புழங்காத துறை என்பது ஒரு காரணம். தனியாகச் செய்கிறவருக்கு, தான் செய்ததன் அருமை தெரிந்த இன்னொரு கண் வேண்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

அவர்கள் கைமாற்றுகிற நுணுக்கங்களில் எனக்குப் பிடித்தவை எளியவை. எலுமிச்சை வில்லை வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. பாலிமர் களிமண்ணில் சுளை, சவ்வு, தோல் எல்லாவற்றையும் நீளவாக்கில் அடுக்கித் தடித்த உருளையாக்கி, உருட்டி உருட்டி மெலியவைத்து, பிறகு வில்லை வில்லையாக அறுக்கிறார்கள். உருளை மெலியும்போது உள்ளே உள்ள சுளையமைப்பு குலையாமல் கூடவே மெலிகிறது. கம்பளம் வேண்டுமென்றால் அங்குலத்துக்கு 40 கண் உள்ள பட்டு வலையில் ஒவ்வொரு கண்ணாகத் தைக்கிறார்கள். உள்ளங்கையளவு கம்பளத்துக்குப் பல்லாயிரம் தையல். பல் மருத்துவர் கையிலிருக்கும் சிறு துளைப்பான் முனைகள் இவர்களிடம் செதுக்குக் கருவிகளாக மாறியிருக்கின்றன.

லேசர் வெட்டும் கருவியும் முப்பரிமாண அச்சும் வந்தபின் எது கைவினை என்ற வாதம் நடந்துகொண்டிருக்கிறது. கருவியால் தூய்மை கெடுகிறது என்ற கட்சியில் நான் இல்லை. கடைசல் இயந்திரமும் ஒரு காலத்தில் புதுக் கருவிதான். கருவிக்கும் அந்தப் பழைய கணக்கிலிருந்து விலக்கு இல்லை என்பதே என் பதில். 0.05 மி.மீ. அடுக்கடுக்காக அச்சிட்ட நாற்காலிக் காலில் ஒவ்வொரு அடுக்கும் உள்ளே 0.6 மி.மீ. படி. லேசர் வெட்டிய பலகையின் கருகிய விளிம்பு, தீப்பிடித்து அணைந்த வீட்டுச் சட்டம்போல் தெரியும். அங்கிருந்து மேலே போக மறுபடி உப்புத்தாளும் தூரிகையும் கையும்தான் வேண்டும். வடிவத்தைக் கணினி தந்துவிடும். நாற்காலி எந்த இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்திருக்கும் என்பதை யாரோ ஒருவர் நிஜ நாற்காலியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேய்வும் அழுக்கும் இக்கலையின் கடைசிப் பாடங்கள். புதிதாகச் செய்த அறையை வாழ்ந்த அறையாக்க, சுண்ணக்கோலை மாவாக அரைத்து, மென்தூரிகையால் அலமாரியின் மேல்தட்டிலும் படி மூலைகளிலும் தடவுகிறார்கள். நிஜத் தூசு உதவாது. ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு உள்ள துகள் அங்கே மணலாகத் தெரியும். அருங்காட்சியகக் காப்பாளர்களின் போராட்டம் இதற்கு நேர்மாறு. லீயின் அறைகளில் பழைய இழை விளக்குகளின் வெப்பம் பொருள்களைச் சேதப்படுத்திவந்தது. 2017இல் வாஷிங்டனின் ரென்விக் கலைக்கூடத்தில் நடந்த கண்காட்சிக்காக, பழைய வெளிச்சத்தின் நிறம் மாறாதபடி எல்.இ.டி. விளக்குகள் பொருத்தினார்கள். அந்த அறைகளைச் சுத்தம் செய்கிறவர் ஒவ்வொரு தூசியின் முன்னும் தூரிகையோடு நின்று, இது தற்செயலாக வந்து விழுந்ததா, 1940களில் லீ வைத்ததா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.